பெட்டியின் மேல் இருந்த படம்

அண்ணி ஸ்டுடியோவுக்குள் வந்தபோது நான் ஒரு கல்லூரிப் பையனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியால் இல்லை, மவுஸால். படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, பருவுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலைக் கொஞ்சம் எடுத்து அதன் மேல் பூச வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. "மச்சம் சொந்த வீட்டுக்காரன், பரு வாடகைக்காரன். வீட்டுக்காரன் மேல கை வைக்காத, வாடகைக்காரனைக் காலி பண்ணு" என்பது எங்கள் முதலாளியின் சட்டம். பாஸ்போர்ட் படத்தில் மச்சம் அடையாளம். பரு அடுத்த வாரமே போய்விடும் என்று அவருக்கு நினைப்பு. அவருக்கு வந்ததில்லை, அதனால் அப்படி நினைக்கிறார்.

அண்ணி இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்து, ஃபிரேமில் பொருத்தி, வந்தவர்களுக்கு மாட்டிவிடும் வேலை பார்க்கிறாள். மத்தியான இடைவேளையில் டிபன் பாக்ஸோடு வருவாள், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அன்று வெறும் கையோடு வந்தாள். படமெடுக்க ஆட்களை உட்கார வைக்கும் முக்காலியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சின்னு, யார்கிட்டயும் மூச்சு விடாத. பதினோரு நாள் தள்ளிப் போயிருக்கு."

கல்யாணமாகி நாலு வருடம். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்திருப்பார்கள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். ஓரமெல்லாம் தோல் உரிந்து, வாய்க்கோடியில் வெடித்து, துளி ரத்தம் காய்ந்திருந்தது.

"உதடு என்ன அண்ணி இப்படி இருக்கு?"

"எல்லாம் நீ கொடுத்த மாத்திரைதான். முதல்ல உதடு காயும், அப்புறம்தான் முகம் தெளியும்னு நீதானே சொன்ன?"

"இன்னைக்கும் போட்டீங்களா?"

"காலைல சாப்பிட்ட கையோட போட்டேன். ஏன், போடக் கூடாதா?"

"இனிமே போடாதீங்க," என்றேன். "ஏன்?" என்றாள். "உடம்புக்கு சூடு," என்றேன். எவ்வளவு கேவலமான பொய். பதினைந்து வருடமாக என் பருவுக்குக் காரணம் சூடு என்று சொன்ன ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டியவள் நான். அந்தப் பொய்தான் வாயில் முதலில் வந்தது.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"மாட்டேன்பா. இதுவரைக்கும் எத்தனை குச்சி பார்த்துட்டேன், எல்லாத்துலயும் ஒத்தைக் கோடு. இந்தத் தடவை நாள் நல்லாப் போகட்டும், அப்புறம் பார்க்கறேன்." எழுந்து, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். தெளிந்துபோன என் கன்னத்தை.

அந்தக் கன்னத்தின் கதையைச் சொன்னால்தான் என் பயம் புரியும். பதினாலு வயதில் எனக்குப் பரு வந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயரே மறந்து 'புள்ளி' என்றார்கள். வந்தவர் போனவரெல்லாம் வைத்தியர் ஆனார்கள். எண்ணெயைத் தொடாதே, தலையணை உறையை மாற்று, முகத்தை எட்டுத் தடவை கழுவு, கழுவவே கழுவாதே. "கல்யாணமானா எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னவர்களும் உண்டு. "அந்த மூஞ்சியோட எப்படிக் கல்யாணம் ஆகும்?" என்று அவர்களே கேட்டார்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் என் அகம் கொத்திப்போட்ட வயல்தான்.

கடைசியில் என் சம்பளத்தில், யாருக்கும் சொல்லாமல், ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அம்மாவைப் போல எதையும் கிளறிக் கேட்காமல், விளக்கை வைத்து முகத்தைப் பார்த்தார். சோப்பினால் வந்ததில்லை, அழுக்கினால் வந்ததில்லை, தோலுக்குள் எண்ணெய் சுரக்கும் இடமே அடைத்துப் புண்ணாகிறது என்று சொன்னார். முதலில் களிம்பு, பிறகு வேறு மாத்திரை, எதற்கும் மசியவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கேப்சூலை எழுதினார். எழுதுவதற்கு முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, கர்ப்பம் இல்லை என்று மாதம் ஒரு தடவை சோதனை, மாதம் ஒரு கையெழுத்து. "எனக்குக் கல்யாணமே ஆகலை டாக்டர்" என்றேன். "உன் கல்யாணத்தை நான் கேட்கலை. இந்த மருந்து உடம்புல இருக்கும்போது கரு தரிச்சா குழந்தை ரொம்ப மோசமா பாதிக்கப்படும். கையெழுத்துப் போடு," என்றார்.

அந்த மருந்துப் பெட்டியின் மேல் ஒரு படம் இருந்தது. வயிறு தள்ளிய ஒரு பெண், அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம், குறுக்கே ஒரு கோடு. அட்டையைத் திருப்பினால் ஒவ்வொரு கேப்சூலின் பின்னாலும் அதே படம். என் வீட்டை நினைத்தேன். அம்மாவுக்குப் பாம்புக் காது, கழுகுக் கண். கல்யாணமாகாத பெண்ணின் பையில் கர்ப்பிணிப் படம் போட்ட மாத்திரை கிடைத்தால் வீடு இரண்டாகிவிடும். அதனால் பெட்டியை ஸ்டுடியோவிலேயே பிரித்து, அட்டையிலிருந்து ஒவ்வொரு கேப்சூலாகப் பிதுக்கி எடுத்து, பழைய பிலிம் ரோல் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். எங்கள் ஸ்டுடியோவில் அந்தக் கறுப்பு டப்பாக்கள் ஒரு இழுப்பறை நிறைய உண்டு. முதலாளி அதில் திருகாணி போட்டு வைப்பார், நான் ஹேர்பின் போட்டு வைப்பேன். வெளிச்சமும் படாது, படமும் தெரியாது என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழு மாதத்தில் முகம் தெளிந்தது. தழும்பு நிற்கிறது, ஆனால் புதிதாக ஒன்றும் வரவில்லை. நடுவில் ரத்தத்தில் கொழுப்பு ஏறியதால் டாக்டர் அளவைப் பாதியாக்கினார், அதில் முப்பத்துநாலு கேப்சூல் மீந்துபோனது. "மீந்தா இங்க கொண்டு வந்து கொடுத்துடு, தெரிஞ்சவங்க தெரியாதவங்க யாருக்கும் கொடுக்காத," என்று சொல்லியிருந்தார். தலையை ஆட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

அண்ணிக்கு இரண்டு வருடமாகத் தாடையிலும் மோவாயிலும் பரு வந்துகொண்டிருந்தது. என்னுடையது போல நெற்றியெல்லாம் இல்லை. தாடை ஓரத்தில், உள்ளுக்குள் உருண்டையாக, தொட்டால் உயிர் போகும் வலியோடு. அவள் வேலையோ ஆளின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்துச் செய்கிற வேலை. கண்ணாடி மாட்ட வந்த ஒரு அம்மாள் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "ஒட்டிக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். அன்று மாலை அண்ணி என் அறைக்கு வந்து, "நீ என்ன பண்ணினன்னு எனக்கு மட்டும் சொல்லேன்," என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். தினமும் ஒன்று, சாப்பிட்ட பிறகு, வெயிலில் போகாதே, உதடு காயும். எல்லாம் சொன்னேன். "எதுக்குன்னு பெட்டியில எழுதியிருக்குமே, பெட்டி எங்க?" என்று கேட்டாள். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கறீங்களே அண்ணி," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

படத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் அன்று மத்தியானம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்டுடியோவின் பின்கட்டில், பிலிம் காலத்தில் ஈரம் காயப் படங்களைத் தொங்கவிட்ட கயிற்றுக்கு அடியில் நின்று டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை தப்பு நம்பருக்குப் போனது. டாக்டர் லைனில் வந்ததும் கொட்டிவிட்டேன்.

"எத்தனை நாளா சாப்பிடறாங்க?"

"இருபத்தோரு நாள் இருக்கும் டாக்டர்."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உடனே நிறுத்தச் சொல்லு. நாளைக்குக் காலைல முதல் ஆளா கூட்டிட்டு வா."

"ஆபத்தா டாக்டர்?"

"கரு இருந்தா, ஆமா. சும்மாவா படம் போட்டிருக்கான்? ஆனா இருக்கா இல்லையான்னே இன்னும் தெரியலை. முதல்ல அதைப் பார்ப்போம். இன்னொண்ணு. என்ன விஷயம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிக் கூட்டிட்டு வா. மறைச்சுக் கூட்டிட்டு வராத."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரையில் இருந்த முகங்களெல்லாம் குழந்தை முகமாகத் தெரிந்தன. கண் சரியில்லாத குழந்தை, காது இல்லாத குழந்தை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வெளிச்சத்திலேயே தெரிந்தது. அரை மணி கழித்து முதலாளி பின்னால் வந்து நின்று, "எம்மா, இந்த ஆளோட கன்னத்துல இருந்த மச்சம் எங்க?" என்றார். துடைத்திருந்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வீட்டுக்காரனைக் காலி செய்திருந்தேன்.

மாலை வீட்டுக்குப் போனால், அங்கே இன்னும் பயங்கரம் காத்திருந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் உண்டு, அதில் நூல் கட்டி ஒரு பேனா தொங்கும். கேஸ் வந்த நாள், தண்ணீர் வராத நாள் எல்லாம் அம்மா அதில் குறிப்பாள். கட்டங்களின் மூலையில் சின்னச் சின்னதாய்ச் சில புள்ளிகளும் இருக்கும். அது அண்ணியின் நாள் கணக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அண்ணி மூச்சு விடாதே என்று எனக்குச் சொன்ன விஷயத்தை அம்மா பதினோரு நாளாகச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, வாளியைக் கீழ வை. நான் எடுத்துக்கறேன்." நாலு வருடத்தில் அம்மா அண்ணியை 'அம்மாடி' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அண்ணன் லிப்ட் மெக்கானிக். அடுத்தவர் வீட்டு மாடிக்கெல்லாம் ஏறி இறங்குவான், சாப்பிட்ட தட்டைச் சமையலறை வரை கொண்டுபோக மாட்டான். அன்று தன் தட்டையும் அண்ணி தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தான். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டேன்.

குளியலறை அலமாரியில் அந்தக் கறுப்பு டப்பா இருந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, உள்ளங்கையில் கொட்டி எண்ணினேன். ஒரு நாலைந்து நாளாவது மறந்திருக்கக் கூடாதா, பாதி நாள் போடாமல் விட்டிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே எண்ணினேன். பதின்மூன்று இருந்தது. முப்பத்துநாலில் பதின்மூன்று போனால் இருபத்தொன்று. அரை மில்லி மீட்டர் பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அரைக்கிறவள் ஒரு நாள் மறப்பாளா? ஒன்றைக்கூட விடவில்லை.

டப்பாவை என் பையில் போட்டுக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று அவர்கள் அறை வாசல் வரை போனேன். உள்ளே அண்ணன் ஏதோ சொல்ல அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குள் நுழைந்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கோழை என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

காலையில், "உதடு இப்படி வெடிச்சா விடக் கூடாது அண்ணி, என் டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாம்," என்று சொல்லிக் கூட்டிப் போனேன். அம்மா, "வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க," என்று வாசல் வரை வந்தாள். பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உட்கார இடம் கிடைத்தது, பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். இறங்கி நடக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். நடக்கிற தூரம் தீர்ந்துபோனது.

கிளினிக்கில் எங்களுக்கு முன் யாரும் இல்லை. பெயரைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மாதாமாதம் வந்து உட்கார்ந்த இடம், எதிர்ச் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அண்ணி எதையும் வாசிக்காமல் உட்கார மாட்டாள். அவள் கடையிலும் எழுத்துப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம்.

"சின்னு."

"ம்."

"அந்தப் படத்துல இருக்கற மாத்திரை, சிவப்பும் மஞ்சளுமா இருக்கே, அது நீ கொடுத்ததுதானே?"

நிமிர்ந்தேன். சுவரில், என் பெட்டியின் மேல் இருந்த அதே பெண் ஆளுயரத்தில் நின்றாள். அதே வயிறு, அதே சிவப்பு வட்டம், அதே கோடு. கீழே கொட்டை எழுத்தில் இருந்ததை அண்ணி மெல்ல வாய்விட்டு வாசித்தாள். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்களும் இந்த மருந்தை உட்கொள்ளக் கூடாது.

"ஆமா அண்ணி."

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. அழவில்லை. கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உதட்டை அப்படியே கடித்ததில் வாய்க்கோடி மறுபடி வெடித்து ரத்தம் வந்தது. துடைக்க என் கைக்குட்டையை நீட்டினேன், வாங்கவில்லை. "இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணியிடம் நிதானமாகப் பேசி, சிறுநீர்ச் சோதனைக்கு அனுப்பினார், பிறகு ரத்தமும் எடுக்கச் சொன்னார். "ரெண்டும் பார்த்துட்டுப் பேசலாம். வெளிய உட்காருங்க," என்றார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரம் இருந்ததில்லை. இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ன வேண்டியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. இருக்க வேண்டும் என்று வேண்டினாளா, இருக்கக் கூடாது என்றா? நாலு வருடமாக ஒன்றையே வேண்டியவள், அன்று எதை வேண்டுவது என்றே தெரியாமல்தான் உட்கார்ந்திருப்பாள். அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது நான்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் இல்லை. நீங்க கர்ப்பமா இல்லை," என்றார்.

"அப்பாடா," என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அதுவும் சத்தமாக. அண்ணி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சாகும் வரை மறக்க மாட்டேன். என் கையை அவள் கைமேல் வைத்திருந்தேன், அவள் தன் கையை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

டாக்டர் அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்து, தாடையை விளக்கில் பார்த்தார். கேள்விகள் கேட்டார். நாள் தள்ளிப் போவது இதுதான் முதல் தடவையா? இல்லை, எட்டு நாள், பத்து நாள் என்று போகும், போன வருடம் ஒரு தடவை நாற்பது நாள் போனது, அப்போதும் இதே மாதிரிதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். மோவாயில் முடி? ஆமாம், பிடுங்கிவிடுவேன். பரு எப்போதிலிருந்து? இரண்டு வருடமாக. குழந்தைக்காக யாரையாவது பார்த்தீர்களா? ஒரு தடவை. இரண்டு பேருக்கும் டெஸ்ட் எழுதினார்கள், வீட்டுக்காரர் வரவில்லை, அதோடு விட்டுவிட்டோம்.

"இந்தத் தாடைப் பருவும் நாள் தள்ளிப் போறதும் வேற வேற இல்லைன்னு எனக்குத் தோணுது. சுரப்பிகள்ல கோளாறு இருந்தா ரெண்டும் சேர்ந்து வரும். ஸ்கேன் பண்ணணும், இன்னும் சில ரத்த டெஸ்ட் பண்ணணும், பார்த்துட்டுதான் உறுதியா சொல்ல முடியும். நான் எழுதித் தர்ற மகப்பேறு டாக்டரைப் பாருங்க, வீட்டுக்காரரையும் இழுத்துட்டுப் போங்க. நிறையப் பேருக்கு இருக்கறதுதான், வைத்தியம் இருக்கு, இதோட குழந்தை பெத்தவங்க எத்தனையோ பேர். ரெண்டு வருஷமா உங்க முகம் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, கேட்கத்தான் ஆள் இல்லை."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த மாத்திரை உடம்பை விட்டுப் போக எத்தனை நாள் ஆகும்?"

"கடைசி மாத்திரையிலிருந்து முழுசா ஒரு மாசம். அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருங்க. அப்புறம் இந்த மருந்தால பயமில்லை."

மீதி பதின்மூன்றையும் டப்பாவோடு மேசைமேல் வைத்தேன். டாக்டர் மூடியைத் திறந்து பார்த்து, "படம் எங்க?" என்றார்.

வெளியே வந்தோம். வெயில் ஏறியிருந்தது. அண்ணி துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிழல் இருந்த பக்கம் நின்றாள். நான் தள்ளி நின்றேன்.

"நீ மறக்கற ஆள் இல்லை, சின்னு," என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "வெயில்ல போகாதன்னு சொன்ன. உதட்டுக்கு எதைத் தடவணும்னு சொன்ன. கொழுப்பு ஏறும்னுகூட சொன்ன. இதை மட்டும் ஏன் சொல்லலை?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏனென்றால் நான் மறக்கவில்லை. டப்பாவை அவள் கையில் கொடுத்தபோது அந்தப் படம் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தது, கூடவே ஒரு நினைப்பும் வந்தது. நாலு வருஷமா வராதது இந்த மாசமா வந்துடப் போகுது? அப்படித்தான் நினைத்தேன். அந்தப் படத்தில் இருந்தவள் அண்ணியாக இருக்க முடியாது என்று நினைத்தேன். ஒரு பருவைத் துடைப்பது போல அதைத் துடைத்துவிட்டுச் சிரித்தேன்.

வாயால் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவள்தான் ஒரு சாண் தூரத்திலிருந்து முகம் பார்க்கிறவள் ஆயிற்றே. கிட்டே வந்து பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"எனக்குக் குழந்தை வராதுன்னு உங்க அம்மா நினைச்சாங்க. உங்க அண்ணன் நினைச்சாரு, வாயால சொல்ல மாட்டாரு, அவ்வளவுதான். தெருவே நினைச்சுது. நீ ஒருத்தி நினைக்க மாட்டேன்னு நினைச்சேன்."

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினோம். இடம் காலியாகத்தான் இருந்தது, நான் உட்காரவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு. எங்கே போய்வந்தோம் என்று எங்களை விட அவளுக்குத் தெளிவாகத் தெரியும் என்ற நினைப்பு. "என்னம்மாடி சொன்னாங்க?" என்றாள். அண்ணி, "அத்தை, சின்னு சொல்லுவா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன? சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேப்சூலைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன், படத்தைச் சொன்னேன். நீ தப்பாக நினைப்பாய் என்று பயந்து டப்பாவில் மாற்றியதைச் சொன்னேன். அண்ணிக்கு இனி வராது என்று நான் நினைத்ததையும் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"நான் அப்படி நினைச்சிருப்பேன்னா பயந்த?" என்றாள். பிறகு, "நினைச்சிருப்பேன்தான்," என்றாள். காலண்டரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி முகம் கழுவிவிட்டு வந்தாள். உதட்டில் எதையோ தடவியிருந்தாள். நேராகக் காலண்டரிடம் போனாள். அம்மா போட்ட புள்ளிகளைப் பார்த்தாள், தொடவில்லை. கடைசி மாத்திரை போட்ட நேற்றுக் கட்டத்தில் விரலை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். தாளைத் தூக்கி அடுத்த மாதத்துக்குப் போய், அங்கே ஒரு நாளைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டாள். அம்மாவின் புள்ளிகளைப் போல ஒளிந்து நிற்காத வட்டம், வாசலில் இருந்து பார்த்தாலே தெரியும்.

பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"அதுவரைக்கும் தினமும் ஒரு நாளை நீதான் அடிக்கணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"சரி அண்ணி."

"சும்மா அடிக்கக் கூடாது. வரும்னு நினைச்சுக்கிட்டு அடிக்கணும்."

பேனாவை வாங்கினேன். நூல் போதாமல் இழுத்தது, நானே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். அண்ணி என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்று, கண்ணெடுக்காமல் பார்த்தாள். வரும் என்று நினைத்தேன், உண்மையாகத்தான் நினைத்தேன், ஆனாலும் அவள் பார்க்கப் பார்க்க நான் அடித்த கோடு கோணலாகத்தான் விழுந்தது.